பயணப் பெட்டியில் ஒரு ரவைக்கோது

வெளிநாட்டுக்குப் புறப்படும் ஒருவரின் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இடித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி, கோயில் திருநீறு, அங்கேயிருக்கும் பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை. போரைக் கண்ட குடும்பங்களின் பெட்டிகளில் சிலவேளைகளில் இன்னொரு பொருளும் சேர்ந்துவிடுகிறது. ஒரு ரவைக்கோது, அல்லது திறப்புக் கோர்வையில் தொங்கும் ஒரு சன்னம், அல்லது பழைய பையொன்றின் தையலுக்குள் எவருக்கும் தெரியாமல் கிடக்கும் சுடப்படாத ரவை. வீட்டில் இருக்கும்வரை அதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. விமான நிலையத்தின் எக்ஸ்றே இயந்திரத்துக்குள் போன பிறகுதான் அது என்னவென்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் தனியாகப் பயணம் செய்யும், அந்த இடத்து மொழி தெரியாத ஒரு பெண்ணாக இருக்கிறார்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுடன் நான் வேலை செய்து வருகிறேன். வெளிநாட்டு வேலைக்குச் செல்லவிருக்கும் சகோதரிகளுக்காக நாங்கள் நடத்திய ஒருநாள் பயிற்சியில், பெட்டி அடுக்குவது எப்படி என்பதும் ஒரு பாடமாக இருந்தது. குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகவிருந்த ஒரு தங்கை தான் கொண்டுபோக இருந்த பையையே பயிற்சிக்கும் எடுத்து வந்திருந்தாள். அது அவளுடைய அண்ணனின் பை. 2009 இல் இடம்பெயர்ந்து திரிந்த காலம் முழுவதும் அந்தக் குடும்பத்தின் துணிமணிகளைச் சுமந்த பை அது. அதை வெறுமையாக்கித் தட்டியபோது, பக்கத்துப் பையின் கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து பச்சை பிடித்த ஒரு ரவை விழுந்தது. சுடப்படாத முழு ரவை.

அறையில் ஒருவரும் பேசவில்லை. "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது" என்று அவள் அழத் தொடங்கினாள். அங்கிருந்த வயதான அம்மா ஒருவர்தான் பதில் சொன்னார்: "உனக்குத் தெரியாதெண்டு எங்களுக்குத் தெரியும் மோளே. எயார்போட்டில நிக்கிறவனுக்கு ஆர் சொல்லுறது?"

நாங்கள் எவரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் வெளியே வந்து கிராம அலுவலருக்கு அறிவித்தோம். பிறகு அதற்குரியவர்கள் வந்து எடுத்துச் சென்றார்கள். ஆனால் அந்த அம்மாவின் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. அதற்குப் பின்னர் சட்டத்தரணிகளிடமும், விமான நிலையத்தில் வேலை செய்தவர்களிடமும், போய் வந்த சகோதரிகளிடமும் கேட்டறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் இப்படியான பொருட்கள் இருப்பது வியப்பானதல்ல. செல் கோதைப் பூச்சாடியாக வைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். காணி துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் தட்டுப்படும் ரவைக்கோதுகளைப் பிள்ளைகள் போத்தல் மூடிகளைப் போலச் சேர்த்து விளையாடினார்கள். பழைய இரும்பு பொறுக்கி விற்று உலை வைத்த குடும்பங்கள் உண்டு. சில இளைஞர்கள் கோதைத் துடைத்து மினுக்கி, துளையிட்டு, திறப்புக் கோர்வையாக்கினார்கள். சமூகவியல் படித்த காலத்தில், ஒரு பொருளுக்கு அதன் அர்த்தத்தைக் கொடுப்பது அது இருக்கும் இடமும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களும்தான் என்று படித்தோம். எங்கள் முற்றத்தில் விளையாட்டுச் சாமானாகக் கிடந்த அதே கோது, விமான நிலையத்தின் மேசையில் வெடிபொருட் சான்றாகிவிடுகிறது. பொருள் மாறவில்லை, பார்ப்பவர் மாறிவிட்டார்.

எக்ஸ்றே இயந்திரத்தின் முன் இருப்பவருக்குத் தெரிவது ஒரு நிழல் மட்டுமே. ரவையின் வடிவம் அவருக்குப் பயிற்சியிலேயே மனப்பாடமாகிய வடிவம். அது வெறும் கோதா, மருந்து நிரம்பியதா, அலங்காரப் பொருளா என்பதை அந்த நிழலை வைத்து அவர் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அவர் பையை நிறுத்துகிறார், மேலதிகாரியைக் கூப்பிடுகிறார், அடுத்துப் பொலிஸ் வருகிறது. கடைசியில் அது வெறும் கோது என்று முடிவானாலும், அதற்குள் விமானம் புறப்பட்டுவிடும். ஒரு சகோதரிக்கு அப்படித்தான் நடந்தது. மகன் ஆசையாகக் கொடுத்த திறப்புக் கோர்வையில் ஒரு கோது தொங்கியது. வழக்கு எதுவும் இல்லை. ஆனால் விசாரணை முடியும்போது விமானமும் போய்விட்டது, வட்டிக்கு வாங்கிய காசில் எடுத்த விமானச்சீட்டும் போய்விட்டது.

அப்படியானால் துப்பாக்கியோடு விமானத்தில் போகவே முடியாதா என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். போகலாம். விளையாட்டு வீரர்களும் வேட்டைக்குச் செல்பவர்களும் உலகெங்கும் கொண்டுதான் போகிறார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. புறப்படும் நாட்டிலும் போய்ச் சேரும் நாட்டிலும் உரிமமும் அனுமதியும் இருக்க வேண்டும். விமானக் கம்பனியிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். துப்பாக்கியில் ரவை இருக்கக் கூடாது. பூட்டிய கடினமான பெட்டியில் வைத்து, விமானத்தின் அடியில் ஏற்றும் பொதியாக மட்டுமே அனுப்பலாம். கைப்பையில் ஒருபோதும் முடியாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகளின்படி, விமானக் கம்பனி சம்மதித்தால், ஒரு பயணி தன் சொந்தப் பாவனைக்கு 5 கிலோவுக்கு மேற்படாத ரவைகளை முறையாகப் பொதி செய்து அவ்வாறே அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதியை ஒப்படைக்கும் இடத்தில் தானாகவே வாய் திறந்து "இதற்குள் இது இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். உரிமம், முன் அனுமதி, வெளிப்படையாகச் சொல்வது ஆகிய இந்த மூன்றும் சேர்ந்தே ஒருவரைக் காப்பாற்றுகின்றன. எங்கள் பெட்டியில் தவறிக் கிடக்கும் ரவைக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அதனால்தான் பல துப்பாக்கிகளோடு போகும் ஒருவர் சிரித்துக்கொண்டு விமானமேற, ஒரே ஒரு ரவையோடு போகும் ஏழைப்பெண் பொலிஸ் நிலையத்தில் இருக்க நேரிடுகிறது.

தெரியாமல் கொண்டுபோவது எங்களுக்கு மட்டும் நடப்பதென்று நினைக்க வேண்டாம். துப்பாக்கி வைத்திருப்பது வழமையாகிப்போன அமெரிக்காவில், 2023 ஆம் ஆண்டில் மட்டும் விமான நிலையச் சோதனைகளில் பயணிகளின் கைப்பொதிகளிலிருந்து 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் நூற்றுக்கு 93 அளவானவை ரவை நிரப்பப்பட்டிருந்தன. பிடிபட்டவர்களில் பலர் சொன்ன காரணம், பைக்குள் இருந்ததை மறந்துவிட்டோம் என்பதுதான். அங்கும் மறதி ஒரு சமாதானமாக ஏற்கப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான டொலர் தண்டம் விதிக்கப்படலாம். அந்த மாநிலத்தின் சட்டத்தைப் பொறுத்துக் கைதும் செய்யப்படலாம்.

எங்கள் நிலைமைக்கு மிகக் கிட்டிய கதை பிலிப்பைன்ஸ் நாட்டுடையது. அந்நாட்டுப் பெண்களும் எங்கள் பெண்களைப் போலவே வீட்டு வேலைக்காக ஹொங்கொங்குக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறவர்கள். ரவையைத் தாயத்தாக வைத்திருந்தால் தீங்கு அணுகாது என்ற நம்பிக்கை அங்கே சிலரிடம் உண்டு. 2013 இல் வந்த சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் ரவை வைத்திருப்பதே அங்கு குற்றம். 2015 இல் மணிலா விமான நிலையத்தில் ஒற்றை ரவைக்காகப் பயணிகள் அடுத்தடுத்துத் தடுத்து வைக்கப்பட்டார்கள். பணம் பறிப்பதற்காகச் சோதனை செய்பவர்களே ரவைகளைப் பைகளுக்குள் போடுகிறார்கள் என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. மக்கள் தங்கள் பெட்டிகளைச் சுற்றிப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தார்கள். ஒரு பக்கம் தாயத்து, இன்னொரு பக்கம் சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களில் வெளிநாட்டில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்களும் இருந்தார்கள்.

எங்களவர்கள் அதிகம் போய்வரும் நாடு இந்தியா. பலாலியில் 2019 இல் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிய பின்னர், வைத்தியத்துக்கும் கோயில்களுக்கும் போகும் பெண்களின் தொகை கூடியிருக்கிறது. கப்பல் காலத்தை நினைத்துக்கொண்டு, சென்னை பக்கத்து ஊர்தானே என்று பையைப் பார்க்காமல் போகிறவர்களும் உண்டு. அங்கே 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமில்லாமல் ரவை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. வைத்திருத்தல் என்றால், அறிந்து வைத்திருத்தல் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1994 இல் நடிகர் சஞ்சய் தத் சம்பந்தப்பட்ட வழக்கில் விளக்கியது. அந்த விளக்கத்தை வைத்து, பையில் ஒற்றை ரவை தெரியாமல் கிடந்த பயணிகள் மீதான பல வழக்குகளை டில்லி மேல் நீதிமன்றம் இரத்துச் செய்திருக்கிறது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் மேல் நீதிமன்றம் வரை போவதற்குச் சட்டத்தரணியும் காசும் மாதக்கணக்கான காலமும் வேண்டும். அந்நிய ஊரில் தங்கியிருந்து வழக்குப் பேச எங்களில் எத்தனை பேரால் முடியும்?

மத்திய கிழக்கு நாடுகள் இதில் இன்னும் இறுக்கமானவை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகும், அல்லது அதன் வழியாகப் போகும் தன் குடிமக்களைப் பிரித்தானிய அரசு எச்சரிக்கிறது. ரவை மட்டுமல்ல, துப்பாக்கி துடைக்கும் கருவி போன்றவையும் எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் முன் அனுமதி வேண்டும் என்பதே அந்த எச்சரிக்கை. "அதன் வழியாகப் போகும்" என்பதைக் கவனியுங்கள். கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகும் எங்களவர்கள் பலர் டுபாயிலோ டோஹாவிலோ இறங்கி மாறித்தான் போகிறார்கள். கட்டுநாயக்காவில் கண்ணில் படாமல் போனது அங்கே கண்ணில் படலாம். அப்போது அந்த நாட்டின் சட்டமே உங்கள் மேல் பாயும்.

இன்னொரு பொருளையும் இங்கே சொல்ல வேண்டும். தனியாகப் போகும் மகளுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மிளகுத்தூள் தெளிப்பான் வாங்கிக் கொடுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 1968 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின் கீழ் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம், துப்பாக்கியோடு ஒரே சட்டத்தில் வைத்துப் பார்க்கப்படுவது. கனடாவிலும் மனிதர்மீது அடிப்பதற்காகச் செய்யப்பட்ட தெளிப்பான் தடைசெய்யப்பட்ட ஆயுதமே. பாதுகாப்புக்கென்று கொடுத்ததே பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. பிள்ளைகளின் விளையாட்டுத் துப்பாக்கி, கைக்குண்டு வடிவத்தில் செய்த சிகரெட் பற்றவைப்பான் போன்றவையும் அப்படித்தான். போலிக் கைக்குண்டை அமெரிக்காவில் கைப்பையிலும் பெட்டியிலும் வைக்க முடியாது.

எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இன்றும் பாவனையில் உள்ளவை. சுடுகலன் சட்டத்தின் தண்டனைகள் 1996 இல் மேலும் கடுமையாக்கப்பட்டன. இவற்றுக்கு மேலாக 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வருடக்கணக்காகச் சிறையில் இருந்தார்கள் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த அனுபவம் இருப்பதால்தான், வேறொருவருக்குச் சிறு தொல்லையாக முடிவது எங்களுக்குப் பெரும் பயமாக இருக்கிறது. புனர்வாழ்வு பெற்று வந்த சகோதரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "மற்றவையின்ர பையில இருந்தா மறதி எண்டுவினம். என்ர பையில இருந்தா என்னெண்டு சொல்லுவினம்?" அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. சந்தேகம் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. ஆகவே எங்கள் கவனமும் மற்றவர்களை விட ஒருபடி கூடவே இருக்க வேண்டியிருக்கிறது. அது நீதியானதா என்பது வேறு கேள்வி. விமானம் ஏறும் நாளில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் போவதில்லை.

கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வன்னியில் எத்தனையோ பெண்கள் இந்தத் தொழிலைச் செய்து பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்கள். விமான நிலையங்களில் சில வேளை ஒரு சிறு துணியால் உங்கள் கைகளையும் பையையும் துடைத்து ஓர் இயந்திரத்தில் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிமருந்துத் துகளையும் அது காட்டிவிடும். ஆகவே வேலைக்குக் கொண்டுபோகும் பை, சப்பாத்து, உடுப்பு எதையும் பயணத்துக்குப் பாவிக்க வேண்டாம். தொழில் செய்யும் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுத்து வைத்திருப்பது நல்லது. சில உரங்களும், கிளிசரின் கலந்த சில கைப்பூச்சுக்களும் கூட அந்த இயந்திரத்தை ஒலிக்கச் செய்வதுண்டு. தோட்டத்தில் வேலை செய்துவிட்டு அதே பையோடு புறப்படாதீர்கள். இயந்திரம் ஒலித்தால் பதற வேண்டாம். திரும்பவும் சோதிப்பார்கள், கேட்பார்கள், பதில் சொன்னால் போதும்.

உடம்புக்குள்ளே செல் துண்டோடு வாழும் சகோதரிகளும் எங்களில் இருக்கிறார்கள். அதை எந்தச் சட்டமும் குற்றமாக்காது. ஆனால் உலோகம் காட்டும் வாசலில் அது சத்தமிடலாம். வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்றே படத்தையும், உடம்பில் எந்த இடத்தில் உலோகத் துண்டு இருக்கிறதென்று ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியரின் கடிதத்தையும் கைப்பையில் வைத்திருங்கள். வாசலைக் கடப்பதற்கு முன்னரே பெண் உத்தியோகத்தரிடம் அதைக் காட்டுங்கள். பலர் பார்க்கத் தழும்பைக் காட்ட வேண்டியதில்லை. தனி இடத்தில் பார்க்கும்படி கேட்கலாம். பெண்ணை உடற்சோதனை செய்வதென்றால் ஒரு பெண்ணே, மரியாதை கெடாமல் செய்ய வேண்டும் என்று இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவை சொல்கிறது.

அவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஏதாவது பிடிபட்டால் என்ன செய்வது? ஓட வேண்டாம், ஒளிக்க வேண்டாம், மலசலகூடத்தில் எறிய முயல வேண்டாம். அப்படிச் செய்தால் தெரியாமல் நடந்தது தெரிந்து செய்தது போலாகிவிடும். பையில் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்றால், தெரியாது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பை யாருடையது, முன்னர் எங்கே இருந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பயத்தில் கதை கட்டினால் பிறகு உண்மையையும் நம்பமாட்டார்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டும்படி, மொழிபெயர்ப்பாளர் தரும்படி கேளுங்கள். எங்கள் நாட்டில் சாதாரண சட்டத்தின் கீழ்ப் பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்கு 1978 இல் உருவாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தடுத்து வைத்திருப்பது முறையற்றது என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் வீட்டார் முறையிடலாம். பிறநாட்டில் என்றால் "என் தூதரகத்துக்கு அறிவியுங்கள்" என்ற ஒரு வசனத்தையாவது ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொள்ளுங்கள். அது 1963 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை. தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைக்காதீர்கள். தொலைபேசியை முதலில் வாங்கிவிடுவார்கள். ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டின் பிரதியோடு தனியாக வைத்திருங்கள். இன்னொரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

வீட்டில் சுடப்படாத ரவையோ வேறு வெடிபொருளோ இருப்பது இதைப் படித்த பின் நினைவுக்கு வந்தால், அதைப் பஸ்ஸில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டுபோக வேண்டாம். கிணற்றிலோ குளத்திலோ போடவும் வேண்டாம். அந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ அந்தப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ அறிவியுங்கள். தனியே போகப் பயமென்றால், மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேராகப் போங்கள். நாங்கள் அப்படிப் போனபோது கேள்விகள் குறைவாகவே வந்தன.

இவையெல்லாம் மறந்து கிடந்த பொருட்களைப் பற்றியவை. மறக்காமல், மனமறிந்து வைத்திருக்கும் பொருளை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. கனடாவில் இருக்கும் மகளிடம் போகவிருந்த ஓர் அம்மா ஒரு திருநீற்றுச் சிமிழைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு சன்னம், நுனி வளைந்தது.

"இது வெடிக்காது பிள்ளை. மோன்ர தொடைக்குள்ள இருந்தது. மாத்தளன் ஆஸ்பத்திரியில டொக்டர் எடுத்துக் கையில தந்தவர். பிறகு அவனையும் காணேல்ல. அவன்ர உடம்பில இருந்து எனக்கு மிஞ்சினது இது ஒண்டுதான். ஆரும் கேட்டா காட்டவும் வேணும்."

அதை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டத்தின்படி பார்த்தால், சுடப்பட்டு நசிந்த ஈயத்துண்டு பல நாடுகளில் ரவை என்ற கணக்கிலேயே வராது. ஆனால் அதை எக்ஸ்றேயில் பார்ப்பவர் நிறுத்துவார். எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அந்த அம்மா தன் மகனின் கதையை, மொழி தெரியாத ஒரு மனிதருக்கு, பின்னால் வரிசை காத்து நிற்க, சொல்ல வேண்டிவரும். அதைப் பறித்துக் குப்பையில் போட்டாலும் கேட்க எவருமில்லை. இதை நான் அவருக்கு விளக்கினேன். மாதர் சங்கத்தில் இருந்தவர்களும் பேசினார்கள். கோயிலில் கொடுக்கலாம் என்றார் ஒருவர். வீட்டு வளவில் புதைத்து மேலே ஒரு பூமரம் வைக்கலாம் என்றார் இன்னொருவர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ர தங்கச்சியிட்ட சாமியறையில வைக்கக் குடுக்கிறன். நான் வந்து வாங்குவன்" என்று தானே முடிவெடுத்தார்.

சாட்சி என்று அவர் சொன்னதை நாங்கள் வேறு வழியில் செய்தோம். சன்னத்தை ஓர் அடிமட்டத்தின் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்தோம். எப்போது, எந்த இடத்தில், யார் எடுத்துத் தந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, திகதியிட்டுக் கையெழுத்து வாங்கினோம். காணாமற்போனோர் அலுவலகத்துக்கு அவர் முன்னர் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியோடு இதையும் சேர்த்து, ஒரு பிரதி சட்டத்தரணியிடமும் ஒரு பிரதி தங்கையிடமும் இருக்கச் செய்தோம். கைப்பைக்குள் உருளும் ஓர் ஈயத்துண்டைவிட, திகதியும் கையெழுத்துமுள்ள இந்தத் தாள் ஒருநாள் கூடுதலாகப் பேசும் என்று சட்டத்தரணியும் சொன்னார். படத்தின் சிறிய பிரதியை மகனின் படத்துக்குப் பின்னால் வைத்து அம்மா எடுத்துச் சென்றார். ரொறன்ரோவிலிருந்து பேசியபோது, "கட்டுநாயக்காவில பையைத் திறந்து பாத்தவை பிள்ளை. மிளகாய்த்தூளை மணந்து பாத்துத் தும்மிப்போட்டு விட்டிட்டினம்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதன் துண்டுகள் எங்கள் மண்ணிலும் உடம்பிலும் பைகளின் தையல்களிலும் கிடக்கின்றன. நினைவுகளை வைத்திருக்கும் உரிமை எங்களுக்கு உண்டு. எதை எங்கே வைப்பது என்பதை மட்டும் நாங்களே, நேரத்தோடு, யோசித்து முடிவெடுக்க வேண்டும். விமான நிலையத்து மேசையில் இன்னொருவர் முடிவெடுக்க விடக் கூடாது.

ஆகவே பயணம் போகவிருக்கும் சகோதரிகளே, இயன்றால் பெட்டி புதிதாக இருக்கட்டும். பழையது என்றால் உள்துணி வரை விரலால் தடவிப் பாருங்கள். திறப்புக் கோர்வையை வீட்டில் கழற்றி வையுங்கள். அயலவர் தரும் கட்டிய பொதியை, எவ்வளவு வேண்டியவர் என்றாலும், அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பெட்டியைத் தனியே இருந்து அடுக்க வேண்டாம். ஒரு தோழியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூப்பிட்டு வைத்துக்கொண்டு அடுக்குங்கள். இரண்டு கண்களுக்குத் தப்புவது நாலு கண்களுக்குத் தப்பாது. பின்னொரு நாள் உங்களுக்காகச் சாட்சி சொல்லவும் ஒருவர் இருப்பார்.